பேனரில் இடம் கிடைக்காத சொல்

பட்டிமன்றத்துக்கு முதல் நாள் இரவு ஒன்பதரை மணி இருக்கும். பேனர் மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். நான் மாவாட்டிக்கொண்டிருந்தேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் பார்த்தேன். நான் எழுதிக் கொடுத்த தலைப்பு, "சூரியப் புவிப்பொறியியல் பற்றிய ஆய்வை இந்தியா முன்னெடுக்கலாமா?" பேனரில் இருந்தது, "சூரியனுக்குத் திரை: வரமா? சாபமா?" முழுத் தலைப்பையும் போட்டால் எழுத்து சின்னதாகிவிடும் என்று கீழே ஒரு வரி எழுதியிருந்தார்கள். நான் கட்டைவிரல் படத்தைப் பதிலாகப் போட்டுவிட்டு மிச்ச மாவை வழிக்கப் போனேன்.

நடந்தது 2022 மார்ச்சில். காவிரி டெல்டாவில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் பதினாறு வருடமாகப் புவியியல் நடத்துகிறேன். அதில் நான் செய்த பிழைகளை வரிசைப்படுத்தச் சொன்னால், அந்த இரவில் அனுப்பிய பதிலுக்குத்தான் முதலிடம் கொடுப்பேன். இந்தப் பாடத்தை உங்கள் வகுப்பில் நடத்தப்போகிறீர்கள் என்றால், நான் சொல்லப்போகும் மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள். "ஆய்வு" என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து எடுக்க யாருக்கும் அனுமதி கொடுக்காதீர்கள். பேனர் சின்னதாக இருக்கிறது என்றால் பேனரே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1991 ஜூன் 15 அன்று பிலிப்பைன்ஸில் பினடுபோ எரிமலை வெடித்தபோது, ஒன்றரைக் கோடி டன் அளவுக்குக் கந்தக டை ஆக்சைடு மீள் அடுக்குக்குப் போனது. ஓசோன் இருக்கும் அந்த உயரத்தில் கழுவி இறக்க மழை கிடையாது. வாயு அங்கே கந்தக அமிலத் துளிகளாக மாறி, ஒன்றிரண்டு வருடம் தங்கி, வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பியது. உலகச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய அரை டிகிரி செல்சியஸ் இறங்கியது. எரிமலை செய்ததை விமானம் வைத்துச் செய்யலாமே என்பதுதான் சூரியப் புவிப்பொறியியலின் முக்கிய யோசனை. கடல் மேகங்களில் உப்புத் துகளைத் தெளித்து அவற்றை இன்னும் வெளுக்க வைப்பது இன்னொரு வழி. இரண்டுமே கரியமில வாயுவைத் தொடுவதில்லை. வாயு அப்படியே இருக்கும், கடல் அமிலமாவதும் நிற்காது. பல வருடம் தூவிவிட்டுச் சட்டென்று நிறுத்தினால், அதுவரை மறைந்திருந்த வெப்பம் மொத்தமாக, வேகமாக வந்து இறங்கும்.

இதையெல்லாம் வகுப்பில் சொல்வது எளிது. ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர், நாலு சொட்டு பால், ஒரு டார்ச் லைட் போதும். உங்கள் கல்லூரியிலும் புரொஜெக்டர் வேலை செய்யாது, அதனால் வீடியோவை நம்பிப் போகாதீர்கள்.

நான் தடுக்கி விழுந்தது இதற்கு அடுத்த இடத்தில். அறிவியல் உலகில் நடக்கும் சண்டை, திரை போடலாமா கூடாதா என்பதல்ல. நாளைக்கே தூவுங்கள் என்று சொல்கிற விஞ்ஞானியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சண்டை அதற்கு வெகு முன்னால் நடக்கிறது: இதை ஆராயலாமா? ஆராய்ந்தால் யாருடைய பணத்தில், எந்த அளவுக்கு, யாரைக் கேட்டுக்கொண்டு? ஓசோன் பற்றிய வேலைக்காக 1995-ல் நோபல் பரிசு பெற்ற பால் குருட்சன் 2006-ல் எழுதிய கட்டுரைதான் இந்தப் பேச்சுக்கே அறிவியல் உலகில் இடம் வாங்கிக் கொடுத்தது. அவரும் தூவச் சொல்லவில்லை. ஆராயாமல் இருப்பது ஆபத்து என்றார், உலகம் புகையைக் குறைத்து இதற்கு வேலையில்லாமல் செய்துவிட்டால் அதுவே நல்லது என்றும் சொன்னார். 2021-ல் அமெரிக்க அறிவியல் கழகங்களின் அறிக்கை ஐந்து வருடத்துக்கு 10 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஆய்வுக்கு ஒதுக்கலாம் என்றது. 2022 ஜனவரியில் அறுபதுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார்கள். அரசுப் பணத்தில் இந்தத் தொழில்நுட்பத்தை வளர்க்கக் கூடாது, வெட்டவெளியில் பரிசோதிக்கக் கூடாது, காப்புரிமை கூடாது, யார் தயாரித்தாலும் பயன்படுத்தக் கூடாது, சர்வதேச அமைப்புகளில் ஆதரிக்கக் கூடாது என்று ஐந்து கோரிக்கைகள். அடுத்த வருடம் பிப்ரவரியில் வேறொரு அறுபது சொச்சம் பேர், ஆராயத்தான் வேண்டும் என்று எதிர்க்கடிதம் எழுதினார்கள். இரண்டு பக்கமும் புவி சூடாவதைப் பார்த்துக் கவலைப்படுகிறவர்கள். சண்டையின் இந்த நுணுக்கம்தான் மாணவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும்.

"வரமா, சாபமா" என்றதும் அது செத்துப்போகிறது. நம் பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலிருந்து அறிவியல் வரமா சாபமா, செல்போன் வரமா சாபமா என்று எழுதி எழுதி மனப்பாடமாகி வந்தவர்கள். தலைப்பைப் பார்த்ததும் கை தானாக எழுதும். எங்கள் மேடையிலும் அதுதான் நடந்தது. அணிக்கு மூன்று பேர். "சாபம்" அணியில் குரல்வளம் உள்ள ஒரு பையன். விவசாயி, வயல், தாய் மண் என்று மூன்று முறை கைதட்டு வாங்கினான். பினடுபோவின் பெயரைக்கூட அவன் சொல்லவில்லை.

"வரம்" அணியில் என்னுடைய இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி. நான் கொடுத்த முப்பது பக்கத்தையும் படித்தவள் அந்த அரங்கில் அவள் ஒருத்திதான். அவள் தயார் செய்திருந்தது ஆய்வுக்கான வாதம். தெரியாமல் வேண்டாம் என்று சொல்வதும் ஒரு முடிவுதான், அந்த முடிவுக்கும் ஆதாரம் வேண்டும் என்று எழுதி வைத்திருந்தாள். மேடையில் ஏறிப் பேனரைப் பார்த்த பிறகு, தன்னுடைய வாதத்துக்கு அங்கே இடமில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. திரை போடச் சொல்லிப் பேச வேண்டிய கட்டாயம். தடுமாறினாள். கடைசியில், "நாளைக்கு நாற்பத்தெட்டு டிகிரி வெயிலில் நம் அம்மாக்கள் நடவு நடும்போது திரை வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்றுதான் சொல்வேன்" என்று முடித்தாள். அரங்கம் சத்தம் போட்டது. நடுவராக இருந்த தமிழ்த்துறை நண்பர், தலைப்பைச் சுருக்கியவரும் அவர்தான், "சாபமே" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சால்வை வாங்கிக்கொண்டார். பேச்சாற்றலில் அவர் பெரியவர். ஆனால் தனக்குத் தெரியாத துறையின் தலைப்பில் கை வைக்கும்போது அந்தத் துறைக்காரரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பதில் போட்டாய் அல்லவா என்று அவர் இன்றைக்கும் சொல்கிறார். போட்டேன். அதற்கான பொறுப்பு என்னுடையது. கேட்காமல் மாற்றிய பொறுப்பு அவருடையது.

அன்று சாயங்காலமே அவள் பேசிய கடைசி அரை நிமிடம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்தது. "வானத்தில் ரசாயனம் தூவச் சொல்லிக் கொடுக்கும் கல்லூரி" என்று ஒரு வரியும் சேர்ந்துகொண்டது. அடுத்த வாரம் எனக்கு நிர்வாகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம். பாடத்திட்டத்தில் இல்லாததை ஏன் எடுத்தேன் என்பது முதல் கேள்வி. நிகழ்ச்சிக்கு முன்னால் "நல்ல தலைப்பும்மா, தைரியமாச் செய்ங்க" என்று அறையில் வைத்துச் சொன்ன மூத்தவர், தனக்கு எதுவும் தெரியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதனால் சொல்கிறேன்: அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வாயால் கிடைக்கும் அனுமதி முதல் பிரச்சினையில் காணாமல் போகும். பாடத்திட்டத்தில் இல்லை என்ற வாதத்துக்கு நான் நாலு பக்கம் பதில் எழுதினேன். காலநிலையியல் தாளில் ஓசோன் இருக்கிறது, கதிர்வீச்சுச் சமநிலை இருக்கிறது, எரிமலையும் பருவமழையும் இருக்கின்றன. இவை நாலும் ஒன்றாகச் சந்திக்கிற இடத்துக்குப் பெயர்தான் இது. அந்தப் பதிலில் ஒரு வரியைக்கூட இன்றும் மாற்ற மாட்டேன்.

கடிதத்தைவிட என்னை வருத்தியது அந்தப் பெண். அந்தப் பருவம் முடியும் வரை வகுப்பில் அவள் வாய் திறக்கவில்லை. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், "தெரியலை மேடம்" என்பாள். தெரியும் என்பது அவளுக்கும் எனக்கும் தெரியும்.

அவளுடைய அப்பா கல்லூரிக்கு வந்தார். அலுவலகத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறார். சண்டை போட வந்திருக்கிறார் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் போனதும் எழுந்து நின்றார்.

"டீச்சரம்மா, புள்ள பேசுனது தப்பா?"

"இல்லைங்க. தப்பு என்னுது."

"அது கெடக்கு. மழையக் கொறைக்கிற வேலையா இது?"

நான் முதலில் மழுப்பினேன். பிறகு உள்ளதைச் சொன்னேன். பினடுபோ வெடித்த அடுத்த வருடம் உலகத்தில் நிலத்தின் மேல் பெய்த மழை குறைந்தது. வெயிலைக் குறைத்தால் மழையும் குறையும் என்றுதான் கம்ப்யூட்டர் கணக்குகளும் சொல்கின்றன. எங்கே, எவ்வளவு என்பதில் இன்னும் தெளிவு வேண்டும் என்றேன்.

"அப்ப அந்தக் கணக்கப் போடணுமா, வேணாமா?"

பேனரில் நாங்கள் தொலைத்த கேள்வி அது. அவர் எந்தக் கடிதத்தையும் படித்தவரில்லை. நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். "எங்க ஊருலயும் மண்ணு மட்டும் பாத்துட்டுப் போறோம்னுதான் மொதல்ல வந்தாங்க. அப்பறம் குழாய எறக்குனாங்க." கொஞ்சம் பொறுத்து, "இதுக்கு ஷட்டரு யாரு கையில இருக்கும்?" என்றார். அவருடைய வயல் கடைமடை. மேலே எந்த ஷட்டரை எந்த லஸ்கர் எப்போது இறக்குகிறார் என்பதைப் பார்த்தே நாற்று விடுகிறவர்.

"இன்னும் யார் கையிலன்னு முடிவாகலைங்க."

"முடிவாவாமயே செஞ்சு பாக்குறாங்களா?"

டீ வாங்கித் தருகிறேன் என்றேன். பஸ் வந்துவிடும் என்று போய்விட்டார். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ அவர் சொல்லவில்லை. அந்தக் கேள்விகளை அன்றைக்கே என் டைரியில் எழுதி வைத்தேன். இப்போது இந்தப் பாடத்தை நான் நடத்தும் முறை முழுக்க அவற்றின் மேல்தான் நிற்கிறது.

2023-லிருந்து இதை மூன்று வகுப்புகளாக நடத்துகிறேன். முதல் வகுப்பில் அறிவியல். பால் டம்ளர், பினடுபோ, ஓசோன். அதன் முதல் பத்து நிமிடத்தை இரண்டு குழப்பங்களைத் தீர்க்க ஒதுக்குங்கள். விமானத்தின் பின்னால் தெரியும் வெள்ளைக் கோடு ரசாயனம் என்று உங்கள் மாணவர்களில் பாதிப் பேருக்கு யாரோ அனுப்பியிருப்பார்கள். அது இன்ஜின் புகையில் உள்ள நீராவி உறைந்து உண்டாவது. சிரித்து ஒதுக்காமல் விளக்கிச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மூன்று வகுப்பும் அவர்கள் மனதில் அந்தக் கோடுதான் ஓடும். அடுத்தது செயற்கை மழை. வெள்ளி அயோடைடைத் தூவி ஓர் இடத்து மேகத்தைக் கறக்கப் பார்ப்பது வேறு, உலகம் முழுவதற்கும் வெயிலைக் குறைப்பது வேறு. 2009-ல் இந்தியாவும் ஜெர்மனியும் சேர்ந்து தென்கடலில் இரும்பு உப்பைக் கரைத்த லோஹாஃபெக்ஸ் சோதனையை நான் ஒருமுறை இதோடு சேர்த்துச் சொன்னேன். அது கரியமில வாயுவைக் கடலுக்குள் இறக்கப் பார்த்த வேலை. வெயிலோடு தொடர்பில்லை. விடைத்தாளில் இரும்பும் கந்தகமும் ஒன்றாகிவிட்டன. தனியாக இன்னொரு நாள் சொல்லுங்கள்.

இரண்டாவது வகுப்புதான் முக்கியம். இரண்டு அணி கிடையாது, நடுவர் கிடையாது. எங்கள் வகுப்பில் ஆறு பெஞ்ச் வரிசை. உங்கள் வகுப்பிலும் அப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு படி. முதல் வரிசை: எந்த ஆய்வும் வேண்டாம். இரண்டாவது: கம்ப்யூட்டர் கணக்கு மட்டும். மூன்றாவது: நாலு சுவருக்குள் ஆய்வகச் சோதனை. நான்காவது: வெட்டவெளியில் சின்னச் சோதனை. ஐந்தாவது: பெரிய சோதனை. கடைசி வரிசை: தூவிவிடலாம். எந்தப் படியில் நிறுத்துவாயோ அந்த வரிசையில் போய் நில், பக்கத்தில் நிற்பவரிடம் காரணம் சொல். இவ்வளவுதான்.

முதல் முறை செய்தபோது 58 பேரில் கடைசி வரிசைக்கு இரண்டு பேர் போனார்கள். முதல் வரிசையில் நாலு பேர். மீதிப் பேர் இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் நெருக்கியடித்து நின்றார்கள். அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஒரு வருடம் முன்னால் இதே அறிவுள்ள பிள்ளைகளைத்தான் வரம் என்றும் சாபம் என்றும் இரண்டாகக் கிழித்து மேடையில் ஏற்றியிருந்தோம்.

நின்ற பிறகுதான் தகவல்களைக் கொடுக்க ஆரம்பிப்பேன், ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்று. இரண்டாவது வரிசைக்குப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் கோவிந்தசாமி பாலா. 2000-ல் கென் கால்டெய்ராவோடு சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரை, கரியமில வாயு இரட்டிப்பானால் வரும் சூட்டை ஈடுகட்ட வெயிலில் 1.8 சதவீதம் குறைத்தால் போதும் என்று கணக்குக் காட்டியது. திரைக்குச் சாதகமான கணக்கு. 2008-ல் அவரே மற்றவர்களோடு சேர்ந்து, அப்படிச் சூட்டை மட்டும் சமன் செய்தால் உலக மழை குறையும் என்று காட்டினார். இரண்டுமே ஒரு துளிகூடத் தூவாமல், கம்ப்யூட்டரில் கண்டுபிடித்தவை. 2013-ல் பிரிட்டன் விஞ்ஞானிகள், வட அரைக்கோளத்தில் மட்டும் தூவினால் ஆப்பிரிக்காவின் சாகேல் பகுதியில் வறட்சி வரும் என்று கணக்கிட்டார்கள். மழைப் பட்டை தெற்கே நகர்ந்துவிடும். இதைச் சொன்னதும் முதல் வரிசையில் நின்ற நாலு பேரில் மூன்று பேர் இரண்டாவது வரிசைக்கு வந்தார்கள். கெடுதலைத் தெரிந்துகொள்ளவும் ஆய்வு வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

வராமல் நின்ற ஒருவனை வற்புறுத்தாதீர்கள். எங்கள் வகுப்பில் நின்றவன் சொன்னது வலுவான வாதம். மருந்து வரப்போகிறது என்று தெரிந்தால் யாரும் பத்தியம் இருக்க மாட்டார்கள், நிலக்கரிக் கம்பெனிக்கு இந்த ஆய்வே ஒரு சாக்கு என்றான். அந்தப் பகிரங்கக் கடிதம் எழுதியவர்களின் கவலைகளில் இதுவும் ஒன்று. அவன் அதைப் படித்ததில்லை.

நாலாவது வரிசைக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். உண்மையான தகராறு எல்லாம் அங்கேதான் நடந்திருக்கிறது. பிரிட்டனில் ஸ்பைஸ் என்ற திட்டம், ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குப் பலூனில் குழாய் கட்டி, வெறும் தண்ணீரைத் தெளித்துப் பார்க்க நினைத்தது. எதிர்ப்பு, கூடவே காப்புரிமைச் சிக்கல், 2012-ல் அந்தச் சோதனையைக் கைவிட்டார்கள். ஹார்வர்டின் ஸ்கோபெக்ஸ் திட்டம் 20 கிலோமீட்டர் உயரத்தில் ஒன்றிரண்டு கிலோவுக்குள் சுண்ணாம்புத் தூளைத் தூவி, துகள்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று அளக்க நினைத்தது. நம் வீட்டு வாசலில் கோலமாவு எடுக்கும் டப்பாவில் அடங்கிவிடுகிற அளவு. முதல் கட்டமாக ஸ்வீடனின் கிருனாவில் 2021-ல் பலூனை மட்டும் பறக்கவிடப் பார்த்தார்கள், துகளே கிடையாது. அந்த வடக்கு நிலத்தின் பூர்வகுடிகளான சாமி மக்களின் மன்றம் எதிர்த்துக் கடிதம் எழுதியது. திட்டத்தின் ஆலோசனைக் குழுவே பறக்கவிடுவதைத் தள்ளிவைக்கச் சொன்னது. 2024 மார்ச்சில் திட்டத்தையே மூடினார்கள்.

"ஒண்ணுமே தூவலைன்னா எதுக்கு மேடம் எதிர்க்கணும்?" என்று ஒருத்தி கேட்டாள். நான் வாய் திறக்கவில்லை. மூன்றாவது வரிசையில் நின்ற பையன் திரும்பி, "எங்க ஊர்ல முதல்ல வந்தவங்களும் ஒண்ணும் எடுக்கலையே" என்றான். வகுப்பில் பாதிப் பேருக்கு அவன் எதைச் சொல்கிறான் என்று விளக்கம் தேவைப்படவில்லை. டெல்டாவை 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கும் சட்டம் வந்ததே, அதற்கு முன்னால் எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை எதிர்த்து எத்தனை கிராமங்கள் தெருவில் உட்கார்ந்தன என்பது அவர்கள் வீட்டுக் கதை. அளவு சின்னதா பெரியதா என்பது ஒரு கேள்வி, கேட்டார்களா என்பது வேறு கேள்வி என்பதை நான் பத்து ஸ்லைடு போட்டிருந்தாலும் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்தக் கணத்தில் வகுப்பு முழுக்க ஒரே பக்கம் சாய்ந்துவிடும். நீங்கள் அதை ரசித்துக்கொண்டு நின்றுவிடக் கூடாது. உடனே எதிர்ப்பக்கத்து உதாரணத்தைக் கொடுங்கள். 2022-ல் மேக் சன்செட்ஸ் என்ற அமெரிக்கச் சிறு கம்பெனி மெக்சிகோவில் யாரையும் கேட்காமல் கந்தகம் நிரப்பிய பலூன்களைப் பறக்கவிட்டது. குளிர்ச்சியைச் சீட்டாகப் போட்டு விற்கவும் ஆரம்பித்தது. 2023 ஜனவரியில் மெக்சிகோ அரசு இத்தகைய சோதனைகளைத் தடை செய்வதாக அறிவித்தது. பொறுப்பான பல்கலைக்கழகம் கதவை மூடிக்கொண்டால் பொறுப்பில்லாதவன் ஜன்னல் வழியாக வருவான், அப்போது அவன் செய்வது சரியா தவறா என்று சொல்ல நம்மிடம் ஒரு கணக்கும் இருக்காது என்பது ஆய்வு வேண்டும் என்பவர்களின் வாதம். கலிபோர்னியாவின் அலமீடாவில் 2024-ல் ஒரு பழைய போர்க்கப்பலின் மேல்தளத்திலிருந்து கடல் உப்புத் துகளைத் தெளித்துப் பார்த்தார்கள். நகர நிர்வாகம் நியமித்த நிபுணர்கள் கெடுதல் எதுவும் இல்லை என்றார்கள். ஜூனில் நகர மன்றம் அப்படியும் அனுமதி மறுத்துவிட்டது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மாணவர்கள் தாங்களாகவே வரிசை மாறுவார்கள். யார் எத்தனை முறை மாறினார்கள் என்று நான் குறித்துக்கொள்வேன். மாறியதற்கு மதிப்பெண் குறைப்பதில்லை. காரணம் சொல்லாமல் மாறினால் மட்டும் குறைப்பேன்.

மூன்றாவது வகுப்பு ஷட்டர் பற்றியது. பலர் இங்கே மாதிரி ஐ.நா. சபை நடத்துவார்கள். நீ அமெரிக்கா, நீ மாலத்தீவு என்று அட்டை எழுதிக் கழுத்தில் மாட்டுவார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. நம் மாணவர்கள் பார்த்தே இராத நாட்டின் குரலில் பேசும்போது, செய்தித்தாளில் வந்த வாக்கியத்தைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள். தலைமடை, கடைமடை, முறைப்பாசனம் என்று ஆரம்பியுங்கள். 2023-ல் மேட்டூர் ஜூன் 12 அன்று சரியாகத் திறந்தும், மேலிருந்து தண்ணீர் வராமல் குறுவை கருகியது. அந்த வருடம் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு, ஒரு பொதுச் சொத்தின் திருகு வேறொருவர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. காவிரிக்கு நடுவர் மன்றம் உண்டு, உச்ச நீதிமன்றம் உண்டு, ஆணையம் உண்டு, அப்படி இருந்தும் இந்த நிலை. வெயிலுக்கு என்ன இருக்கிறது? 2019-லும் 2024-லும் ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவையில், இதைப் பற்றி முறையாகத் தகவல் திரட்டவாவது ஏற்பாடு செய்யலாம் என்று சுவிட்சர்லாந்து தீர்மானம் கொண்டுவந்தது. இரண்டு முறையும் நாடுகள் ஒத்துக்கொள்ளாமல் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2010-ல் நகோயாவில் பல்லுயிர் உடன்படிக்கை நாடுகள் புவிப்பொறியியல் வேலைகளைத் தள்ளிவைக்கச் சொல்லி ஒரு முடிவு எடுத்தன. சின்ன ஆய்வுகளுக்கு அதில் விலக்கு உண்டு, அமெரிக்கா அந்த உடன்படிக்கையிலேயே இல்லை. இவ்வளவுதான் நம்மிடம் இருக்கும் மதகு. இதைச் சொல்லி நிறுத்திவிட்டு, ஷட்டருக்கு யாரைப் போடலாம் என்று எழுதச் சொல்வேன். ஒரு பக்கம் போதும்.

ஆசிரியர் தன் கருத்தைச் சொல்லலாமா என்று என் துறையிலேயே என்னோடு வாதாடுகிறார்கள். கூடாது என்பது அவர்கள் கட்சி. பட்டிமன்ற அனுபவத்துக்குப் பிறகு நீ வாயை மூடிக்கொண்டிருப்பது உனக்கு நல்லது என்றும் ஒருவர் சொன்னார். மூன்றாவது வகுப்பின் முடிவில் மாணவர்கள் கேட்டால் நான் சொல்கிறேன். மூன்றாவது வரிசையில் நிற்கிறேன். கணக்கையும் ஆய்வகத்தையும் நம் நாட்டு விஞ்ஞானிகளே நம் பருவமழையை வைத்துச் செய்ய வேண்டும், ஷட்டர் யார் கையில் என்று தெரியும் வரை வெட்டவெளிக்குப் போகக் கூடாது. இரண்டு மணி நேரம் அவர்களை எழுந்து நிற்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் மேசைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது நியாயமாகப் படவில்லை.

தேர்வுக்கு ஒரு கேள்விதான் வைக்கிறேன்: "நீங்கள் நின்ற வரிசை எது? எந்த ஒரு தகவல் பொய் என்று தெரிந்தால் அங்கிருந்து நகர்வீர்கள்?" திருத்தக் கூடுதல் நேரம் ஆகும். திருத்துங்கள்.

போன டிசம்பரில் அந்த மாணவி பட்டச் சான்றிதழ் வாங்க வந்தாள். இப்போது ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை. பெஞ்ச் முறையைச் சொன்னேன். காலி வகுப்பறைக்குள் போய், மூன்றாவது வரிசையைத் தாண்டி, நாலாவதில் கை வைத்து நின்றாள். அவள் அப்பாவின் கேள்விகளில்தான் இந்தப் பாடம் ஓடுகிறது என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்பா எந்த வரிசைல நிப்பாருன்னு கேட்டீங்களா மேடம்?"

கேட்கவில்லை. மூன்று வருடமாக அவர் கேள்வியை வைத்துப் பாடம் நடத்துகிறேன், அவரைக் கூப்பிட எனக்குத் தோன்றவில்லை. இந்த வருடம் கடைமடை ஊர்களிலிருந்து நாலு விவசாயிகளை இரண்டாவது வகுப்புக்கு அழைக்க அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எழுத்தில்தான். ஜூலை இரண்டாவது வாரம் வகுப்பு. கோப்பு இன்னும் கல்லூரி முதல்வர் மேசையில் இருக்கிறது.